மார்த்தாவுக்காகப் பேசிய ரஹீமா அக்கா

ஸ்பிரிங்வேல் மீன்கடை வரிசையில் நின்றபோது நஸீர் அண்ணையின் அழைப்பு வந்தது. "தம்பி, ரஹீமா மவுத்தாயிட்டா. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்." மனைவியின் பெயரைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. மீன் வாங்காமல் வந்து காருக்குள் உட்கார்ந்துவிட்டேன். அக்காவின் நோய் எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

புலம்பெயர்ந்து வந்த இந்த நகரில், கிளேட்டன் பல்கலைக்கழகத்தில் அக்காவும் நானும் ஒரே அறையில் வேலை செய்தோம். போர் ஓய்ந்த லைபீரியாவில், மிக வறிய குடும்பங்களுக்கு அரசு மாதந்தோறும் உதவித்தொகை வழங்கும் ஏற்பாட்டை உருவாக்குவதில் எங்கள் குழுவுக்கும் பங்கிருந்தது. வெளிநாட்டுப் பணத்தோடு முடிந்துபோகும் திட்டங்கள் அக்காவுக்குப் பிடிக்காது. "நாங்க பிளேன் ஏறின பிறகும் இது நடக்கோணும். இல்லாட்டி நாங்க வந்ததே பிழை" என்பார்.

2011இல் அங்கே ஒரு கிராமக் கூட்டம். யார் யாருக்கு உதவித்தொகை என்று ஊரார் கூடித் தெரிவு செய்தார்கள். மார்த்தா என்ற பெண் இரண்டு பிள்ளைகளோடு கூட்டத்துக்கு வெளியே நின்றாள். அவளைவிட வறியவர் அந்த ஊரில் இல்லை. ஆனாலும் யாரும் அவள் பெயரைச் சொல்லவில்லை. அக்கா காரணம் கேட்டார். "போரில் சண்டைக்காரர்களுக்குச் சமைத்துப் போட்டவள்" என்றார் ஊர்த்தலைவர். சிறுமியாக இருந்தபோது அவளைக் கடத்திப் போனார்கள் என்பதும் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஊர் முடிவில் தலையிட வேண்டாம் என்று நான் அக்காவின் காதில் சொன்னேன்.

"ஊர் வேணாம் எண்ட ஆக்களுக்குத்தானே தம்பி அரசாங்கம் வேணும்?"

பிறகு எழுந்து, மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசினார். சின்ன வயதில் ஆயுதக்காரர்கள் தன் குடும்பத்தை மன்னாரிலிருந்து விரட்டியதையும், புத்தளத்தில் அகதியாக வளர்ந்ததையும், அங்கேயும் சிலர் தங்களை வேண்டாதவர்களாகப் பார்த்ததையும் சொன்னார். ஊர் மருத்துவிச்சி எழுந்து நின்றார்.

"என் மகளும் அவர்களுக்குச் சமைத்தவள்தான். அவள் திரும்பி வரவில்லை. இவளாவது வந்திருக்கிறாளே."

மார்த்தாவை உள்ளே அழைத்தார்கள்.

அக்காவை விரட்டிய ஆயுதக்காரர்கள் நான் பேசும் தமிழைப் பேசியவர்கள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு முஸ்லிம்களின் அந்த வெளியேற்றம் செய்தியாகத் தெரியும். பக்கத்து மேசைக்காரரின் வாழ்க்கையாக அன்றுதான் தெரிந்தது. திரும்பும் வழியில் ஜீப்பில் அக்காவே பேசினார்.

"உங்களைக் குத்திக் காட்டவெண்டு சொல்லேல்ல, தம்பி. மார்த்தாவுக்காகச் சொன்னனான். தண்ணி குடியுங்க."

போன மாதம் மருத்துவமனையில் பார்த்தபோது நல்ல செய்தி ஒன்று கொண்டுபோனேன். மார்த்தாவின் ஊர் இருந்த மாவட்டத்தில் அதுவரை வெளிநாட்டுப் பணத்தில் நடந்த உதவித்தொகையை லைபீரிய அரசு தன் வரவுசெலவுத் திட்டத்திலேயே சேர்த்துக்கொண்டிருந்தது.

"எங்களை வரச்சொல்லிக் கேட்டவங்களா?"

"இல்லை அக்கா. தாங்களே நடத்துவினமாம்."

"அப்ப எங்கட தேவை முடிஞ்சுது" என்று சொல்லித் தலையணையில் சாய்ந்து சிரித்தார். இந்த அஞ்சலியை வாசிப்பவர்களில் அவரை அறிந்த உங்களுக்கு அந்தச் சிரிப்புத் தெரியும். கண்கள் மூடிவிடும், தோள்கள் குலுங்கும். தன்னுடைய தேவை தீர்ந்துபோனதற்காக ஒரு மனிதர் அவ்வளவு மகிழ்ந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை. அந்த முகத்தையே நினைவில் வைத்திருக்கிறேன்.