பதினான்காவது குவளை

நேற்று மாலை என் மகள் மும்பை செம்பூர் வீட்டுச் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "அப்பா, ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட்டை ஃபுல்லா ஊத்திட்டேன், கோடு வரைக்கும் வரல. கடைக்கார பனியா ஏமாத்திட்டான். போய்க் கேக்கட்டுமா?" அவள் கையில் விளிம்பு நசுங்கிய பழைய எவர்சில்வர் குவளை. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

அந்தக் கோட்டை உள்ளே அரத்தால் கீறியவர், மாதுங்காவில் நான் ஸ்டோர் பார்த்த சமையல் கூடத்தின் மாஸ்டர். கோடுவரை ஊற்றினால் ஒரு கிலோ எண்ணெய், டின்னுக்குப் பதினைந்து குவளை. அதற்கு மேல் எந்தக் கணக்கும் அவர் காதில் ஏறாது. லிட்டர் என்பது பால்காரர்கள் சமாச்சாரம் என்பார். பி.எஸ்ஸி. படித்த எனக்கு அவரோடு மாரடிப்பதே பாதி வேலை.

ஒருமுறை வழக்கமான டின் கிடைக்காமல் வேறு டின் வாங்கினேன். பதினான்காவது குவளையே நிரம்பவில்லை. மூன்று நாள் மனிதர் என் உயிரை எடுத்தார். "தம்பி, எண்ணெய் குறையுதுய்யா." பதினைந்து என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே மாஸ்டர், சீலும் சரியாக இருக்கிறதே என்று நானும் கத்தினேன். "அப்ப எண்ணெய் எங்க போச்சு?" என்றார். டின்னைத் திறப்பது தாராவியிலிருந்து வரும் ஓர் அக்கா மட்டும்தான். நான் எடுக்கவில்லை என்று அவர் ஒரே ஒருமுறை சொன்னார். மறுநாள் முதல் வாசலில் அவருடைய பையைப் பார்க்கச் சொன்னது மாஸ்டர் அல்ல, நான். இரண்டு நாள் பையைத் திறந்து காட்டினார். மூன்றாம் நாள் வேலைக்கு வரவில்லை.

அடுத்த வாரம் காலி டின்னை நகர்த்தும்போதுதான் கவனித்தேன். பதினைந்துக்குப் பக்கத்தில் இருந்தது லிட்டர். அதற்குக் கீழே பொடி எழுத்தில் 13.65 கிலோ. தண்ணீரைவிட எண்ணெய் லேசு என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தவன் நான். மாஸ்டரிடம் காட்டினேன். "குறையுதுன்னு நாந்தான் சொன்னேம்லா" என்றார், அவ்வளவுதான். அவர் சொன்னது சரியாக இருந்ததுதான் இன்னும் எரிச்சல்.

தாராவிக்குப் போய் அக்காவிடம் லிட்டரையும் கிலோவையும் விளக்கினேன். முறுக்குப் பிழிந்துகொண்டே முழுவதையும் கேட்டார்.

"நான் எடுக்கலன்னு சொன்னப்ப நம்பல. இப்ப டின்னு சொன்னதும் நம்புதிய" என்றார். திரும்ப வேலைக்கு வரவில்லை.

ஊருக்குப் போகும்போது மாஸ்டர் அந்தக் குவளையை என் கையில் திணித்துவிட்டுப் போனார். நேற்று மகளிடமிருந்து பாக்கெட்டைப் பிடுங்கி, 910 கிராம் என்றிருந்த இடத்தைக் காட்டி, "முதல்ல இதப் படி. படிக்காம ஒருத்தனத் திருடன்னு சொல்லாத" என்று கத்திவிட்டேன். எண்ணெய்க்கா இவ்வளவு கோபம் என்று அவள் விழித்தாள். நான் குவளையைக் கழுவி, பழையபடி மேல்தட்டில் வைத்தேன். அதன்மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அது சரியாகத்தான் அளந்தது.