நாலு மணித்தியாலக் கதிரை

சென்ற மாதம் எங்கள் பல்கலைக்கழகப் பீடத்து மண்டபத்தில் இரத்ததான முகாம் நடந்தது. பின்னால் சாயும் கதிரை ஒன்றில் என்னைப் படுக்க வைத்த தாதி, "வசதியா இருக்கா?" என்று கேட்டார். இடுப்புக்குக் கீழே ஓர் இரும்புத் தண்டு அழுத்திக்கொண்டிருந்தது. "நல்லா இருக்கு மிஸ்" என்றேன். மூன்று வருடமாக இலக்கியம் படிப்பவள், ஒரு கேள்விக்கு உள்ளதைச் சொல்ல இன்னும் கற்கவில்லை. அதை நினைத்து வெட்கப்படவும் நேரமிருக்கவில்லை. புது ரெக்சீனின் வாசனை அதற்குள் என்னை ரவூப் நானாவின் கடைக்குக் கொண்டுபோய்விட்டது.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த காலத்தில் அங்கே வேலை செய்தேன். கண்டி நகரில், மருத்துவக் கதிரைகள் மட்டுமே விற்கும் சிறிய கடை. உட்காருவதற்கு உரியது கதிரை என்பதோடு என் அறிவு முடிந்திருந்தது. அங்கே போன பிறகுதான் பல்லுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, காது மூக்குக்கு ஒன்று, இரத்தம் எடுக்க ஒன்று என்று உடம்பைப் பங்கிட்டுக்கொண்ட கதிரைகளைக் கண்டேன். ஒருமுறை சலூன்காரர் ஒருவர் பல் வைத்தியரின் கதிரையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "இதுல உக்கார வச்சா முடி வெட்ட ஒருத்தனும் தலையக் குனிய மாட்டான், வாயத்தான் தொறப்பான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிறகு அந்தக் கதிரையைத் துடைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

கடை முதலாளி ரவூப் நானா கட்டுகஸ்தோட்டைக்காரர்; அண்ணன் என்பதை முஸ்லிம்கள் நானா என்பார்கள். கொழும்பிலிருந்து கதிரைகளை அனுப்புகிறவர் ஒருநாள் அவரிடம் ஒரு கேள்வி கேட்டார்: சிறுநீரக நோயாளிகள் இரத்தச் சுத்திகரிப்பின்போது சாய்ந்திருக்கும் கதிரை கண்டிப் பக்கம் எத்தனை போகும்? காட்டுவதற்கென்று ஒரு கதிரையையும் அனுப்பிவைத்தார். நானா அந்தக் கேள்வியை என்னிடம் தள்ளினார். நான் கோடு போட்டு, எண் இட்டு, ஒரு படிவம் தயாரித்தேன். அதன் அழகில் எனக்கே மயக்கம் இருந்தது.

முதலில் போனது தர்மப் பணத்தில் நடந்த ஒரு சிறிய சிகிச்சை நிலையத்துக்கு. அதன் வைத்தியர் யாழ்ப்பாணத்தவர். மூடப்பட்ட ஏதோ ஓர் அரசாங்கக் கந்தோரிலிருந்து மரக்கதிரைகளைக் கேட்டு வாங்கி, தாமே நின்று வார்னிஷ் பூசுவித்தவர். இயந்திரத்தோடு குழாயால் இணைக்கப்பட்டு, நோயாளிகள் அவற்றில் நான்கு மணித்தியாலம் இருக்க வேண்டும். "தேவை எண்டால் கமிட்டியிட்டக் கேட்டு வாங்கலாம், தங்கச்சி. ஆனா இவ்வளவு நாளும் ஒருத்தரும் குறை சொன்னதில்லை" என்றார் அவர்.

நான் ஒவ்வொருவரிடமும் சென்று, இந்தக் கதிரை வசதியாக இருக்கிறதா என்று கேட்டேன். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் "நல்லா இருக்கு" என்றார்கள். தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற பாக்கியம் அக்கா மட்டும் கூடுதலாக, "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றார்.

படிவத்தைப் பார்த்த நானாவின் முகம் சுருங்கியது. "எல்லாருக்கும் சரியெண்டு ஈக்குதே, புள்ள. காட்டுறதுக்கெண்டு கொண்டு வந்த கதிரைய நான் என்ன செய்ற? எங்கட வூட்டு ஹோல்ல வெச்சி, பொஞ்சாதிய அதுல சாச்சி வெக்கிறதா?"

இரண்டு நாள் கழித்து, குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் ஆசனத்தில் பாக்கியம் அக்காவும் அவர் மகளும் இருந்தார்கள். என்னை அவர்கள் கவனிக்கவில்லை.

"போதும்டி. அடுத்த கெழமையிலருந்து வரல" என்றார் அக்கா. "ஊசிய தாங்கிக்கலாம். அந்த நாலு மணித்தியாலம் அதுல குந்திக்கிட்டு இருக்கத்தான் முடியல. காலு தரையில எட்டல. இடுப்பு செத்துப் போவுது."

"போகாட்டி ஆளே செத்துப் போயிருவீங்கம்மா."

"போனாப் போறேன்."

"டொக்டர்கிட்ட சொன்னா என்னவாம்?"

"வாய மூடு. மரியாத தெரியாதவள்னு நெனைப்பாரு."

திரும்பி என்னைப் பார்க்கும்படி அவர்களை அழைத்திருக்கலாம். நானோ யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கூச்சம் என்பது நல்லொழுக்கம் போலத் தோற்றமளிக்கும் ஒரு கோழைத்தனம் என்று அன்றுதான் சந்தேகப்பட்டேன். ஆனால் வீடு வரையில் ஒரு கேள்வி என்னை விடவில்லை. கேட்டால் மறைக்கிற தேவையை எப்படிக் கண்டுபிடிப்பது?

அதே கிழமையில் வந்த அடுத்த சிகிச்சை நாளில் படிவம் இல்லாமல் போனேன். வாசலருகே கிடந்த நீள மரவாங்கில் உட்கார்ந்து, உள்ளே வருகிறவர்கள் கையில் கொண்டுவந்தவற்றை மட்டும் எழுதினேன். குண்டசாலையிலிருந்து வந்த ஓட்டோக்காரர் தம் வண்டியின் பின்னிருக்கையைக் கழற்றிச் சுமந்து வந்தார். ஓர் ஆசிரியை சுருட்டிய சேலையை முதுகுக்கும் பலகைக்கும் நடுவே செருகினார். ஒரு முதியவர் ஊசி குத்திய கையின் கீழ் மடித்த பழைய சாரத் துணியை வைத்தார். பாக்கியம் அக்கா துணிப்பையிலிருந்து துவாய் சுற்றிய எதையோ எடுத்துப் பாதத்தின் கீழ் நகர்த்தினார். துவாய் விலகியபோது, அது ஒரு பெரிய பால்மா டின் என்று தெரிந்தது. வெறுங்கையோடு வந்தவர் ஒருவருமில்லை. அவர்கள் ஒவ்வொருவரும் தங்களுக்கு வேண்டிய கதிரையைத் துண்டு துண்டாக வீட்டிலிருந்து கொண்டுவந்துகொண்டிருந்தார்கள்.

பஸ்ஸில் கேட்டதை நான் எழுதவில்லை. அது அவர்களுடையது. பட்டியலை மட்டும் வைத்தியரிடம் கொடுத்தேன். கதிரை விற்க வந்தவளின் பட்டியல் என்று அவர் ஒதுக்கிவிடுவாரோ என்று பயந்தேன்.

அவர் இரண்டு முறை வாசித்தார். பிறகு எழுந்து நேரே பாக்கியம் அக்காவிடம் போய், குனிந்து, துவாயை நீக்கிப் பார்த்தார்.

"பாக்கியம், எவ்வளவு நாளா இது?"

"சும்மா... பழக்கத்துக்குங்க."

"ஏன் எனக்கு ஒருக்காச் சொல்லேல்லை?"

அக்கா டின்னைப் பாதத்தால் மறைக்கப் பார்த்தார். "நீங்க பாத்துக் குடுத்த கதிரைங்க டொக்டர். அதப் போயி நல்லால்லன்னு எப்புடிங்க சொல்றது?"

வைத்தியர் நிமிர்ந்தார். வார்னிஷ் மின்னிய கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். "அடுத்த முறையும் வாங்கோ, என்ன? கட்டாயம் வாங்கோ" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அக்கா தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த முறை, காட்டுவதற்கென்றிருந்த அந்த ஒற்றைக் கதிரையை நானாவே வேனில் ஏற்றி வந்தார். பாக்கியம் அக்காவும் வந்திருந்தார். கைப்பிடியை இழுக்க, முதுகு சாய்ந்தது, காலடி உயர்ந்தது. தாதிமார், வைத்தியர், நானா, நான் எல்லோரும் சுற்றி நின்றோம். அக்கா கண்களை மூடிக்கொண்டு, "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றார்.

வைத்தியர் அசையவில்லை. "உண்மையச் சொல்லுங்கோ."

அக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "தலமாட்டுதாங்க, கொஞ்சம் முன்னுக்குத் தள்ளுது."

"அப்பிடிச் சொல்லுங்க!" என்று கத்திவிட்டு நானா ஸ்பேனரை எடுத்தார். அவ்வளவுதான். கை உயரம், ரெக்சீன் வேர்க்குது, சாஞ்சா சுவர்தான் தெரியுது என்று அறை முழுவதும் குறைகள் கிளம்பின. நான் எழுதி முடிக்கப் பக்கங்கள் போதவில்லை. கமிட்டி கதிரைகளை வாங்கியது. சில மாதங்களில் எனக்குப் பல்கலைக்கழக அனுமதி வந்தது.

இப்போது நானா கடையை மூடிவிட்டு மகனோடு வெளிநாட்டில் இருக்கிறார். கடையிருந்த இடத்தில் கைபேசி உறைகள் தொங்குகின்றன. சிகிச்சை நிலையம் பெரிய கட்டடத்துக்குப் போய்விட்டது. பொத்தானை அழுத்தினால் உயரும் கதிரைகளாம். வாசலில் மூட்டையோடு வருகிறவர் எவருமில்லை. அண்மையில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ்ஸுக்கு நின்றபோது பாக்கியம் அக்காவின் மகளைக் கண்டேன். இந்த முறை நானாகவே போய்ப் பேசினேன்.

"அம்மா போயி எட்டு மாசம், அக்கா" என்றாள். "கடைசி வரைக்கும் அந்தக் கதிரைய ஏசிக்கிட்டே கெடந்தாங்க. ஆனா ஒரு கெழம தவறல. போயி, அதுல சாஞ்சுக்கிட்டுத்தான் ஏசுவாங்க."