தனக்குத் தானே சம்பளம் வெட்டியவர்

எங்கள் தெருமுனையில் மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவருக்குக் ‘கறார்’ என்று பட்டப்பெயர். தன் கடையிலேயே சம்பளத்துக்கு வேலை பார்த்த மனிதர் அவர். பத்து நிமிடம் பிந்தி வந்தால் வருகைப் பதிவேட்டில் தனக்கே அரை நாள் வெட்டு. ஒருமுறை காய்ச்சலில் தனக்கே விடுப்புக் கடிதம் எழுதி, தானே மறுத்துவிட்டு, வெடவெடவென்று நடுங்கிக்கொண்டே மின்விசிறி பிரித்தார். மாதக் கடைசியில் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று சம்பள உறையை நீட்டி, அந்தப் பக்கம் ஓடிப்போய் வாங்கிக்கொள்வார்.

பின்னறையில் அவர் மனைவி மோட்டாருக்குத் தாமிரக் கம்பி சுற்றுவார். பத்தொன்பது வருடமாக. கையெழுத்தும் இல்லை, உறையும் இல்லை. விரல்கள் வீங்கிப்போனதால், வரி போக மிஞ்சுவதில் கம்பி சுற்றும் இயந்திரம் வாங்குவதாகக் கறார் சொல்லியிருந்தார்.

அந்த வருடம்தான் முதல்முறையாக ஒரு ஆடிட்டர் வந்தார். பதிவேட்டைப் புரட்டினார்.

“அண்ணே, இது செல்லாது. முதலாளி தனக்கே எடுத்துக்கறது சம்பளமில்ல, லாபம். அதுக்கும் வரி கட்டணும்.”

கறாரின் கையிலிருந்த திருப்புளி காலில் விழுந்தது. வலிக்கக்கூட இல்லை.

“காய்ச்சலோட உழைச்சேனே!”

“உடம்பைப் பாத்துக்குங்க.”

“வெட்டின அரை நாளு?”

“அதுவும் லாபந்தான்.”

இயந்திரம் கண்ணெதிரே காற்றில் கரைந்தது.

“வேற யாரு வேலை பாக்கறாங்க?”

“யாருமில்ல.”

பின்னறையில் கம்பிச் சத்தம் நின்றது. ஆடிட்டர் எட்டிப் பார்த்தார்.

“அப்போ அந்த அக்கா?”

“வீட்டுக்காரி. சும்மா ஒத்தாசைக்கு.”

“அட, அவங்களுக்கு நெசமாவே சம்பளம் குடுத்திருந்தா செலவுன்னு கழிச்சிருக்கலாமே! போன வருஷம் போனது போனதுதான். இனிமேலாவது குடுங்க.”

மனைவி வாசலில் வந்து நின்றார்.

“இல்லாத வேலைக்காரருக்கு மாசாமாசம் உறை. இருக்கற நான் யாருமில்லையா?”

கறார் பதிவேட்டை எடுத்து மனைவியின் பெயரை எழுதினார்.

மறுநாள் மனைவி ஒரு மணிநேரம் தாமதமாக வந்து பதிவேட்டில் முதல் கையெழுத்துப் போட்டார். பழக்கதோஷம், கறார் அரை நாள் வெட்டப் பேனாவை எடுத்தார்.

“கையை எடுங்க. பத்தொன்பது வருஷம் சீக்கிரமா வந்ததை முதல்ல கழிங்க.”

வரி கட்டினார்கள். இயந்திரம் அந்த வருடம் வரவில்லை. பாதிக் கம்பியைக் கறாரே சுற்றினார், சம்பளமில்லாமல்.