இடது பக்க ஸ்டீயரிங்

எங்கள் வீட்டில் பழைய போட்டோ என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. உள்ளங்கை அளவு, கறுப்பு வெள்ளை. ஒரு கார். அதன் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து, கதவில் முழங்கையை ஊன்றியபடி ஓர் இளைஞர். கோட்டு, கறுப்புக் கண்ணாடி, நெற்றியை மறைக்கும் தொப்பி. மீசையும் மோவாயும் மட்டும்தான் அவருடையவை என்று சொல்லலாம்.

அம்மா அவரை என் அப்பா என்கிறாள். அப்பாவின் அக்காவான என் அத்தை, அவர் தன் அண்ணன் என்கிறாள்.

நான் நடக்கத் தொடங்குவதற்கு முன்பே அப்பா மஞ்சள்காமாலையில் போய்விட்டார். கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்க ஆளில்லை. வாக்காளர் அட்டைக்குப் படம் எடுக்க வந்த அன்று அவர் லோடு ஏற்றப் போயிருந்தாராம். பெரியப்பாவோ அப்பா பிள்ளையாக இருந்தபோதே பம்பாய்க்குப் போனவர், திரும்பி வரவில்லை. இருக்கிறார், இல்லை என்று எந்தச் செய்தியும் கிடையாது. இருவருக்கும் ஒரே முகவெட்டு என்று ஊரே சொல்லும். இந்தப் போட்டோ, அப்பாவைப் பெற்ற ஆச்சி செத்த பிறகு அவள் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடைத்தது. எப்படி வந்தது, யார் கொடுத்தது, ஒருவருக்கும் தெரியாது.

அச்சங்குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போட்ட வீடு கட்டி முடித்தபோதுதான் சண்டை முற்றியது. பால் காய்ச்சும் நாளில் இந்தப் படத்தைப் பெரிதாக்கி, பொட்டு வைத்து, மாலை போட்டு மாட்ட வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டாள். அத்தை எழுந்து நின்றுவிட்டாள்.

"உசுரோட இருக்கிறவனுக்கு மாலை போடுவீகளா? அம்புட்டு அவசரமா ஒங்களுக்கு?"

"மதினி, அது எங்க வீட்டுக்காரர். நிக்கிற வாக்கு எனக்குத் தெரியாதா?"

"அவன் எங்கன நிக்கிறான்? உக்காந்துல்ல இருக்கான்! காருல உக்காந்திருக்கான். ஒன் புருசன் மாட்டு வண்டியில ஏறுனாலே வாந்தி எடுப்பான்."

அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விடவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். பள்ளியை முடித்துக் கல்லூரியையும் முடித்தேன். திருத்தங்கலில் ஒரு அச்சகத்தின் டிசைன் பிரிவில் வேலை செய்கிறேன். பட்டாசுப் பெட்டிகளின் மேல் நீங்கள் பார்க்கும் படங்களில் சில என் கையால் ஆனவை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது.

"நான் கண்டுபிடிச்சுத் தாரேன்" என்றேன்.

கணக்கு எளிதாகத்தான் தெரிந்தது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பத்து வயது இடைவெளி. கார் எந்தக் காலத்தது என்று தெரிந்தால் படம் எப்போது எடுத்தது என்று ஓரளவு தெரியும். அது தெரிந்தால் யார் என்று தெரியும். ஆளின் முகம் மறைந்திருக்கிறது, காரின் முகம் மறையவில்லையே.

மதிய இடைவேளையில் ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன். உருண்டை முன்விளக்கு, குண்டு மூக்கு. அம்பாசிடர் என்று முடிவு செய்தேன். முன்பக்கக் கம்பிவலை ஒவ்வொரு காலத்திலும் மாறியிருக்கிறது என்று இணையத்தில் படித்தேன். சின்னச் சின்னக் கட்டமாக இருந்தால் பழசு, பெரிய கட்டமாக இருந்தால் பிந்தியது. எங்கள் காரில் ஒரு பாதி சின்னக் கட்டம், ஒரு பாதி வெறும் கோடு. பின்பக்கமோ அம்பாசிடரே இல்லை. பழைய ஃபியட்டைப் போல வால் தூக்கி நின்றது.

அதைவிடக் குழப்பியது ஸ்டீயரிங். நம் ஊர்க் கார்களில் அது வலது பக்கம். இதில் இடது பக்கம். 'படம் திரும்பி அச்சாகியிருக்கிறது' என்று நினைத்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரட்டிப் போட்டேன். ஸ்டீயரிங் சரியாக வந்தது. ஆனால் நம்பர் பலகையில் இருந்த, எந்த ஊர் நம்பரோடும் சேராத எழுத்துகள் இடவலம் மாறிவிட்டன. கோட்டின் பை வலது மார்புக்குப் போய்விட்டது. மறுபடி புரட்டினேன். எழுத்தும் பையும் சரியாயின, ஸ்டீயரிங் தப்பாகிவிட்டது. அன்று முழுவதும் அந்த மனிதரை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தேன்.

பழைய கார் பிரியர்கள் கூடும் இணையக் குழு ஒன்றில் போட்டேன். ஒருவர் "வெளிநாட்டிலிருந்து இறக்கிய கார், சந்தேகமே இல்லை" என்றார். இன்னொருவர் "விபத்தில் அடிபட்டு, உள்ளூர்ப் பட்டறையில் நாலு காரை வெட்டி ஒட்டியது. முன் மட்கார்டில் அடி தெரிகிறதே" என்றார். உண்மையில் முன்சக்கரத்துக்கு மேல் வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது. மூன்றாமவர் "காரை விற்பீர்களா?" என்று கேட்டார்.

வீட்டில் அத்தைக்கு 'வெளிநாடு' என்ற சொல் மட்டும் போதுமாக இருந்தது.

"பாத்தியா? பம்பாயில கப்பல்ல வந்து இறங்குன காரு. எங்க அண்ணன் தொரை மாதிரி இருந்திருக்கான்."

இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்த அம்மா, உப்புப் போட மறந்துவிட்டாள். மறுநாள் இட்லியைத் தின்றபோதுதான் அவள் எவ்வளவு பயந்திருக்கிறாள் என்று தெரிந்தது. எனக்கும் பயம்தான். இந்த மோவாயைப் பார்த்துத்தான் என் மோவாய் எங்கிருந்து வந்தது என்று சின்ன வயதில் நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

பக்ரீதுக்கு விருதுநகரில் என் கல்லூரித் தோழி வீட்டுக்குப் போயிருந்தேன். பலசரக்கு வியாபாரக் குடும்பம். பிரியாணி முடிந்து எல்லோரும் சாய்ந்து கிடந்தபோது ஆல்பம் வெளியே வந்தது. ஒரு பக்கத்தைப் புரட்டினாள். அடுத்ததைப் புரட்டவிடாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதே கார். அதே பாதிக் கட்டம், பாதிக் கோடு. அதே தூக்கிய வால். அதே இடது பக்க ஸ்டீயரிங். அதற்குப் பின்னால் கோட்டுப் போட்ட ஒருவர், மடியில் தலை நிறைய ரிப்பன் கட்டிய ஒரு குழந்தை.

"இது யாரு?" என்றேன்.

"எங்க அத்தா. மடியில எங்க பெரியக்கா. அவளுக்கு அப்ப ரெண்டு வயசு" என்றாள் தோழி. அவர்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்பார்கள். "அத்தா காரெல்லாம் ஓட்டியிருக்காக, தெரியுமா?"

அவளுடைய அம்மா குறுக்கிட்டார்: "நான் இவ அண்ணன் பிரசவத்துக்கு எங்கம்மா வீட்டுல கெடந்தேன். கூட்டாளி காருல வச்சு எடுத்ததுன்னு சொன்னாக. எந்தக் கூட்டாளின்னு கேட்டா மட்டும் பேச்சை மாத்திருவாக."

பெரியக்காவுக்கு இப்போது நாற்பதுக்கு மேல். பேரன் எடுத்துவிட்டார். என் அப்பாதான் அந்தக் கூட்டாளியா? இல்லை, அந்தக் காரின் டிரைவரா? பெரியப்பா பம்பாய்க்குப் போகாமல் விருதுநகரிலேயே கார் ஓட்டிக்கொண்டு இருந்தாரா? பஸ்ஸில் சூலக்கரை தாண்டுவதற்குள் என் குடும்பத்துக்கு நாலு கதை எழுதிவிட்டேன். எதையும் முடிக்க முடியவில்லை.

தோழியின் படத்தை போனில் எடுத்து வந்திருந்தேன். மறுநாள் அச்சகத்தில் அதை எங்கள் படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். இது எங்களுக்குத் தினசரி வேலை. ஒரு பெட்டி அச்சாகும்போது நாலு நிறமும் ஒன்றின் மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் விழ வேண்டும்; பிசகினால் லேபிளில் இருக்கும் குழந்தைக்கு இரண்டு உதடு வந்துவிடும். 'ரிஜிஸ்டர் பார்க்கிறது' என்போம். ஆட்களை விட்டுவிட்டு, காருக்கு ரிஜிஸ்டர் பார்த்தேன்.

விழுந்தது. விளக்கின் மேல் விளக்கு, எழுத்தின் மேல் எழுத்து, டயருக்கு அடியில் இருக்கும் நிழலின் மேல் நிழல்.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். நிஜக் காரை இரண்டு நாளில் இரண்டு பேர் படம் எடுத்தால், கோணம் கொஞ்சமாவது மாறும். நிழல் கட்டாயம் மாறும். நிழல்கூட மாறாத கார் ஒன்றுதான் உண்டு. பலகையில் வரைந்த கார்.

விருதுநகரில் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் போட்டோ கொட்டகை போடுவார்கள். நிலாவுக்கு ஒரு பலகை, விமானத்துக்கு ஒரு பலகை, காருக்கு ஒரு பலகை. பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார வைப்பார்கள். கோட்டும் கண்ணாடியும் தொப்பியும் கொட்டகைக்காரரே கொடுப்பார். வரைந்தவர் ஏதோ வெளிநாட்டுக் காலண்டரைப் பார்த்து ஸ்டீயரிங்கையும், தெருவில் பார்த்ததை வைத்து மூக்கையும் வாலையும் போட்டிருக்கிறார். அவர் போட்டதை நம்பி நானும் படித்தவர்கள் பலரும் கிறுக்குப் பிடித்து அலைந்திருக்கிறோம்.

காருக்கு வயது இல்லை. ஆனால் பலகைக்கு உண்டு. முன்சக்கரத்துக்கு மேல் இருந்த வெள்ளைத் திட்டு அடிபட்ட இடமல்ல. பெயிண்ட் உதிர்ந்து மரம் தெரிகிற இடம். தோழியின் படத்தில் அது இல்லை. அந்த இடத்தில் பெயிண்ட் மழமழவென்று இருந்தது, மேலே பூசி மறைத்த தடம்கூட இல்லை. அப்படியானால் எங்கள் படம் பிந்தியது. பெரியக்கா ரெண்டு வயதுக் குழந்தையாக இருந்தபோதே பெரியப்பா பம்பாய்க்குப் போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. ஆகவே இது அப்பா.

வீட்டுக்கு வந்து இருவரையும் உட்கார வைத்துச் சொன்னேன். பலகை என்றதும் அம்மா துளியும் அதிரவில்லை.

"பெறகென்ன, அவுகளுக்கு நெசக் காரா கெடச்சிருக்கும்? மாட்டு வண்டிக்கே வாந்தி எடுத்தவுக. இது நகராது, அதான் தைரியமா உக்காந்திருக்காக." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை.

அத்தை நான் கொண்டுவந்த இரண்டு படங்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப இது விருதுநகருல எடுத்ததா?"

"ஆமா அத்தை."

"பங்குனிப் பொங்கலுக்கா?"

"ஆமா."

"எங்க அண்ணனுக்கு அந்தப் பொங்கல்னா உசுரு." படத்தை இன்னும் கிட்டத்தில் பிடித்தாள். "ஏ புள்ள, ஒரு வருசம் பொங்கலுக்கு வந்துட்டு, எங்க அம்மாவை மட்டும் பாத்துட்டு, எங்க யாருக்கும் தெரியாமப் போயிருப்பானோ? அதான் எங்கம்மா பெட்டிக்கடியில ஒளிச்சு வச்சிருந்தாளோ?"

என் ரிஜிஸ்டர் நாள் காட்டியது, ஊரும் காட்டியது. தொப்பிக்கு அடியில் இருப்பது யார் என்று அது காட்டாது. அப்பாவேதான் என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் சில நாள் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் என் மோவாயைப் பார்க்கிறேன். அது யாருடையதாகவும் இருக்கலாம்.

பால் காய்ச்சிய அன்று பெரிதாக்கிய படத்தைக் கூடத்தில் மாட்டினேன். கீழே பெயரோ தேதியோ போடவில்லை. அம்மா சந்தனமும் குங்குமச் சிமிழும் மல்லிகைச் சரமுமாக வந்தாள். அத்தை அடுப்படி வாசலில் வந்து நின்றாள். அம்மாவின் விரல் தொப்பிக்கு நேராகப் போயிற்று. அங்கேயே நின்றது.

பிறகு இறங்கி, காரின் நெற்றியில் சந்தனம் வைத்தது. அதன் மேல் குங்குமம் வைத்தது. ஆயுத பூஜைக்கு எல்லா வண்டிகளுக்கும் வைப்பதுபோலத்தான். கையிலிருந்த மல்லிகைச் சரத்தை அவள் போட்டோவின் மேல் சாற்றவில்லை. ஒரு துண்டு கிள்ளி நம்பர் பலகைக்கு நேராகச் சட்டத்தில் செருகினாள். மீதியை அத்தையிடம் நீட்டினாள்.

"வச்சுக்கோங்க மதினி. பால் பொங்குது, வாங்க."

அத்தை சரத்தைத் தலையில் வைத்துக்கொண்டாள்.