குழாய் அலுமாரியில் தோசை மா

எங்கள் மாடிக் கட்டடத்தில் எல்லா வீடுகளுக்கும் கீழே இருந்த ஒரே காஸ் பொயிலர்தான் சூடு அனுப்பியது. அதன் சுடுதண்ணிக் குழாய்கள் எங்கள் அலுமாரிக்குள்ளால் போகும். லண்டன் குளிரில் தோசை மா புளிக்காததால் அலுத்துப்போன மனைவி, சட்டியை ஒருநாள் அங்கே வைத்தாள். விடிய மா பொங்கி வழிந்திருந்தது. அன்றிலிருந்து அதே அலுமாரியில் தொங்கிய என் வேலைக் கோட்டிலும் புளித்த மா மணந்தது. அந்த மணம் எனக்குப் பிடிக்கும்.

இந்த வருடம் கட்டடத்தை நடத்தும் கவுன்சில் பொயிலரைக் கழற்றிவிட்டு, கரண்டில் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் பூட்டியது. சூடு கசியாமல் குழாய்களுக்குத் தடித்த உறையும் போட்டார்கள். வீடு நல்ல சூடு, அலுமாரி மட்டும் குளிர். ஞாயிறு பிள்ளைகள் தோசைக்கு வருவார்கள், மா பொங்கவேயில்லை.

"புகையில்லாத சூடு, நல்லதுதானேயப்பா" என்றேன் மனைவியிடம்.

"ஓம், நல்லதுதான். அப்ப சட்டியை உங்கட மடியிலையே வைக்கிறது?"

இப்போது சனி இரவுகளில் சட்டி எங்கள் போர்வைக்குள் படுக்கிறது. நான் கட்டிலின் ஓரத்தில்.