பச்சை பஸ்ஸில் ஏறிப்போன என் மகள்

சபையில் உள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் தோத்திரம். நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். கையெழுத்து கோணல், எழுத்துப் பிழையும் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். எழுந்து நின்று சொல்லக் கூச்சம். அதனால்தான் எழுதித் தருகிறேன்.

சோமனூரில் தறி ஓட்டுகிறேன். என் மகள் எஸ்தர் பதினொன்றாவது படிக்கிறாள். எதுவும் அவளுக்கு மெதுவாகத்தான் மனதில் ஏறும். எழுத்துக் கூட்டிப் படிக்க இன்னும் திணறுவாள். "படிச்சு முடிச்சு இவ என்ன பண்ணுவா?" என்று நானும் என் மனைவியும் அழாத நாள் குறைவு.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கு வரும் பிரேமா டீச்சர், "இனி நீங்க வண்டில கூட்டிட்டு வர வேண்டாமுங்கண்ணா. தனியா பஸ்ல வந்து பழகட்டும். நாளைக்கு வேலைக்குப் போகோணுமல்லங்க?" என்றார். வகுப்பில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பஸ் ஆக்கினார். அவளைக் கூட்டிப்போயிருந்த என்னைக் கண்டக்டர் ஆக்கினார்.

"டிக்கெட் டிக்கெட்னு சத்தமாச் சொல்லுங்கண்ணா. காதுல ரகசியம் சொல்றாப்பல முணுமுணுக்கறீங்க!"

பிள்ளைகள் சிரித்தார்கள். தெரியாத இடம் வந்தால் கண்டக்டரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அதுதான் பாடம். எஸ்தர் வாயே திறக்கவில்லை. என் மகள் அல்லவா.

எங்கள் பக்கம் தனியார் பஸ்ஸை நிறத்தை வைத்துத்தான் சொல்வோம். "பச்சை பஸ்ல ஏறிக்க கண்ணு" என்றுதான் நானும் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை அந்த பஸ் எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனைக்குப் போய்விட்டது. பதிலுக்கு ஒரு சிவப்பு பஸ் ஓடியது. எங்களுக்குத் தெரியாது. பள்ளி விட்டதும் பல்லடம் போகிற வேறொரு பச்சை பஸ் வர, எஸ்தர் அதில் ஏறிவிட்டாள்.

எங்கள் நிறுத்தத்தில் சிவப்பு பஸ் வந்து நின்றது. அவள் அதில் இல்லை. பள்ளிக்குப் போன் செய்தேன். எல்லாரும் கிளம்பியாச்சு என்றார்கள். ரோட்டு ஓரத்தில் முழங்கால் போட்டேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று வாய்விட்டுக் கதறினேன். "ஆண்டவரே, தெரியாதவர்களிடம் அவளுக்குப் பேச வராது. நீரே அவளுக்காகப் பேசும்."

போன் அடித்தது. தெரியாத குரல்.

"ஏனுங்க, எஸ்தர் அப்பாங்களா? நான் பஸ் கண்டக்டருங்க. பாப்பாவே கூப்பிட்டு, 'ஏனுங்கண்ணா, இது எங்கூரு பஸ்ஸுங்களா?'ன்னு கேட்டுச்சுங்க. உங்க நம்பர் எழுதுன சீட்டையும் அதுவே பையில இருந்து எடுத்துக் குடுத்துச்சு. எதிர் பஸ்ல ஏத்தி உடறனுங்க. பயப்படாதீங்க."

வந்து இறங்கியவள் சொன்ன முதல் வார்த்தை: "அந்த அண்ணன் உங்களாட்ட இல்லீங்கப்பா. நல்லாக் கத்துனாருங்க!" எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அவளுக்காகப் பேசும் என்று கேட்டேன். கர்த்தர் அவளையே பேச வைத்தார். நான் ரோட்டில் கதறுவதற்கு முன்பே அந்த வகுப்பறையில் பதிலை ஆயத்தம் செய்திருந்தார்.

இப்போது சனிக்கிழமைதோறும் தனியாகப் போய்த் தையல் பழகுகிறாள். கூட நான் போவதில்லை. வீட்டில் அழுகையும் இல்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் ஜெபம் பண்ணுங்கள். ஜெபம் பண்ணிவிட்டு வெளியே அனுப்புங்கள். அவர் கூடப் போவார். எனக்கு அது நிச்சயம்.

எழுதி முடித்தது: செப்டம்பர் முதல் ஞாயிறு, சாயங்காலம்.