காருக்கு இறக்கை ஒட்டிய ஞாயிறு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் காருக்கு இறக்கை முளைத்தது.

ஸ்பாய்லர் என்று பெயராம். ரேஸ் கார்களில் பார்த்திருப்பீர்களே, டிக்கியின் மேல் குறுக்கே ஒரு பட்டை, அதுதான். பறக்கிற வேகத்தில் போகும்போது வண்டி எழும்பாமல் ரோட்டோடு அழுத்திப் பிடிக்குமாம். காலை ஆபீஸ் நேரத்தில், குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில், எந்த வண்டி எழும்பப் போகிறது?

கேட்டேன். "உனக்குப் புரியாது" என்றார் என் கணவர்.

எனக்கா புரியாது? இந்தக் கதை எங்கே ஆரம்பித்தது என்று எனக்கு நன்றாகவே தெரியும். போன வருடம் என் தம்பி முரளி வண்டலூரில் ஃபிளாட் வாங்கினான். கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தோம். இவர் ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டு வந்து, ஹாலில் மொத்தச் சொந்தமும் உட்கார்ந்திருக்கும்போது, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு முரளி. பாத்ரூம்தான்… சோப்பு கீழ விழுந்தா குனிஞ்சு எடுக்க முடியாது போலிருக்கே" என்றார்.

முரளி சும்மா இருப்பானா? "உங்க காரைவிடப் பெருசுதான் மாமா!"

ஹாலே சிரித்தது. இவர் மட்டும் சிரிக்கவில்லை. பாயசம்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கார் அலங்காரம் மட்டும் ஆரம்பமானது. முதலில் கதவுகளுக்கு மழைத்தடுப்பு. அப்புறம் பக்கவாட்டில் பளபளவென்று பட்டை. எல்லாமே ஆன்லைனில் வாங்கி, இவரே டேப் போட்டு ஒட்டியவை. கோபத்தை இப்படிக்கூடக் காட்டலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

சிரிக்கிற விஷயம்தான். ஆனால் அடுத்த மாதம் என் மகள் திவ்யாவுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் மாலை போடாமல் என்ன நிச்சயதார்த்தம்? அதற்கு நாங்கள் முறையாகத் தாம்பூலத் தட்டோடு போய் அவனை அழைக்க வேண்டும். இவரோ, "பத்திரிகையை வாட்ஸ்அப்ல தட்டி விடு, போதும்" என்கிறார். அவனோ, "மாமா வீடேறி வந்து கூப்பிடட்டும்க்கா, அப்புறம் பார்க்கலாம்" என்கிறான். "முரளி மாமா வரலைன்னா நான் சபைல உட்கார மாட்டேன்" என்று திவ்யா ஒரு பக்கம். நடுவில் மாட்டிக்கொண்டு நான் முழித்தேன். எனக்கு இருப்பது ஒரே தம்பி. அவன் இல்லாமல் அந்தச் சபையை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இந்த நிலைமையில்தான் ஸ்பாய்லர் வந்து இறங்கியது.

ஞாயிறு காலை காரைத் தெருவில் புங்கமர நிழலுக்கு இவரே தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். வெயிலில் ஒட்டக் கூடாதாம். டிக்கியைத் துடைத்தார், காயவைத்தார். ஸ்பாய்லரின் அடியில் டபுள் சைடு டேப், அதைச் சுற்றிப் பசை. டியூபை அவர் பிதுக்கிய நிதானத்தைப் பார்த்தால் ஏதோ ஆபரேஷன் நடப்பதுபோல் இருந்தது.

ஒட்டினார். இடது மூலை நன்றாக உட்கார்ந்தது. வலது மூலை எழுந்து நின்றது! டிக்கியின் வளைவு வேறு, ஸ்பாய்லரின் வளைவு வேறு. இந்தப் பக்கம் அழுத்தினால் அந்தப் பக்கம் தூக்கியது. அந்தப் பக்கம் அழுத்தினால் இந்தப் பக்கம். பசை காயும்வரை யாராவது இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்தே ஆக வேண்டும். நான் வந்து பிடித்தேன். "உன் அழுத்தம் பத்தாது" என்றார். சப்பாத்தி மாவு பிசைகிற கை இது… சரி, போகட்டும்.

அந்த நேரம் பார்த்து முரளி பைக்கில் வந்து இறங்கினான். என்னிடம் வாங்கிப்போன இட்லிக் குண்டானைத் திருப்பிக் கொடுக்க. வழக்கமாக வாசல் கேட்டோடு கொடுத்துவிட்டுப் போய்விடுவான். அன்றைக்குப் போகவில்லை. டிக்கியின் மேல் கையை ஊன்றி வியர்த்துப்போய் நிற்கும் மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, வலது பக்கம் தூக்குதுன்னு சொல்லு."

"எனக்குக் கண்ணு இருக்குன்னு சொல்லு" என்றார் இவர், என்னிடம்.

"வேணும்னா நான் பிடிக்கறேன்னு சொல்லு."

"வேணாம்னு நான் சொல்லலைன்னு சொல்லு."

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளிகூட இல்லை. கையில் இட்லிக் குண்டானோடு நான் யாருக்கு என்னத்தைச் சொல்வது? முரளி வலது பக்கம் வந்து இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றினான். இவர் இடது பக்கம். கையை எடுக்க முடியாது, நகரவும் முடியாது. ஒருவர் மரத்தைப் பார்க்கிறார், ஒருவர் வானத்தைப் பார்க்கிறார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அந்தப் பசை மெதுவாகவே காயட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

வேண்டுதல் பலிக்கவில்லை. ஏழுமலை வந்துவிட்டார்.

ஏழுமலை எங்கள் தெருமுனை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுபவர். தங்கமான மனுஷன். காருக்குப் பின்னால் இரண்டு பேர் குனிந்து கையை ஊன்றி நிற்பதைப் பார்த்தால் நம் ஊரில் யாருக்கு என்ன தோன்றும்?

"இன்னா சார், ஸ்டார்ட் ஆவலியா? மொதல்லியே ஒரு கொரல் குடுக்கக் கூடாது? டேய், வாங்கடா!"

ஸ்டாண்டிலிருந்து இன்னும் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். "ஐயோ, அது இல்லீங்க…" என்று நான் ஆரம்பிப்பதற்குள் மூன்று பேரும் தோள் கொடுத்துவிட்டார்கள்.

"தள்ளாதீங்க!" என்று இவரும் முரளியும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"நீ கம்முனு புடி சார், நாங்க கீறோம்ல!"

கார் நகர்ந்தது. நகராமல் என்ன செய்யும்? நிழலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தவர் ஹேண்ட் பிரேக் போடவே இல்லை. முன்னால் என் ஸ்கூட்டர். பின்னால் இவரும் முரளியும் ஸ்பாய்லரை விடாமல் பிடித்தபடி கூடவே ஓடுகிறார்கள்!

"மச்சான்! ஹேண்ட் பிரேக்… ஓடு மச்சான்!"

கத்தியது என் கணவர்.

"நீங்க கையை எடுக்காதீங்க மாமா!" என்று முரளி பாய்ந்து போய், கதவைத் திறந்து, பாதி உடம்பை உள்ளே நுழைத்து பிரேக்கை இழுத்தான். என் ஸ்கூட்டருக்கு ஒரு சாண் முன்னால் கார் நின்றது.

ஏழுமலை நிமிர்ந்து, "பேட்டரி அவுட்டா சார்?" என்று அக்கறையாகக் கேட்டார்.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. முரளி ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரிக்கிறான். இவர் டிக்கியை விடாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். அந்தக் குலுக்கலில் ஸ்பாய்லர் இன்னும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். வலது பக்கம் ஒரு விரற்கடை இறங்கி, அப்படியே இறுகிவிட்டது. பிய்த்தெடுத்தால் பெயின்ட்டும் சேர்ந்து வரும் என்றார்கள். "இருந்துட்டுப் போகட்டும்" என்றுவிட்டார் இவர்.

முரளி எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டான். மாமாவும் மச்சானும் வளைவைப் பற்றியும் பசையைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசினார்கள். நான் தேவைப்படவே இல்லை. இத்தனை மாதமாக நான் சுமந்த கனம் எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை.

அவன் கிளம்பிப் போனதும், "தட்டு எடுத்து வை. வண்டலூர் போயிட்டு வந்துடலாம்" என்றார் இவர்.

"இப்பதானே இங்கேருந்து போனான்?"

"இங்க வந்தவன்கிட்ட பத்திரிகையை நீட்டினா அது முறையா? வீடேறிப் போய்க் கூப்பிடணும்."

பசை முழுதாக இறுகும்வரை காரை எடுக்கக் கூடாது என்று டியூபில் போட்டிருந்ததால் எலெக்ட்ரிக் டிரெயினில் போனோம். பட்டுப்புடவையில் நான். மடியில் பழத்தட்டோடு அவர். வண்டலூரில் கதவைத் திறந்த முரளி, தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, எங்களைச் செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் கேட்டான்: "திவ்யாவுக்கு ரோஜா மாலையா, சம்பங்கி மாலையா மாமா?"

"தாய்மாமன் நீ. என்னைக் கேட்டா?" என்றார் இவர். நான் வாசலிலேயே நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். குரோம்பேட்டைப் பக்கம் இரண்டு பேர் காருக்குப் பின்னால் கையை ஊன்றி நிற்பதைப் பார்த்தால், ஓடி வந்து தள்ளிவிடாதீர்கள்… அவர்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம்!